எனக்குக் கேட்ட துட்டி

1

நான் இறந்துபோனதாக ஊரில் செய்தி பரவி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. இதை வாசிக்கிறவர்களில் சிலர் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து துட்டி கேட்டிருப்பீர்கள். மழையில் நனைந்துகொண்டும் வேலையைப் போட்டுவிட்டும் வந்தவர்கள் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். உங்களுக்கு நான் ஒரு விவரம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றபடி மலேயாவின் சிறப்புகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் கிடையாது. இங்கே ரப்பர் மரம் இருக்கிறது, மழை இருக்கிறது, அவ்வளவுதான். ரப்பர் மரம் பார்க்க ஆசையிருந்தால் குலசேகரத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏற வேண்டாம், வாந்தியும் எடுக்க வேண்டாம்.

நான் பேராக் சீமையில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். டாக்டர் மாதத்தில் இரண்டு தடவை பட்டணத்திலிருந்து வருவார். மற்ற நாட்களில் புண் கழுவிக் கட்டுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, பல் பிடுங்குவது, யாராவது செத்தால் மரணப் பதிவில் எழுதுவது எல்லாம் நான். மயிலாடிக்குப் பக்கத்தில் மிஷன் கோயில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டப் பழகி, இருபத்திரண்டு வயதில் கப்பலேறினேன். பதினான்கு வருஷம் ஓடிவிட்டது.

2

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவி ரெபேக்காள் இங்கே இறந்தாள். காய்ச்சல், மூன்று நாள். மரணப் பதிவில் அவள் பெயரையும் நான்தான் எழுதினேன். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வழக்கம்போல மருந்துப் பெட்டியோடு போய் நின்றேன். துரை தொப்பியைத் தொட்டு ஏதோ சொன்னார். ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒரு மலையாளி, நல்ல மனுஷன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் போனார்.

கூலி லயத்து ஆட்கள் உத்தியோகஸ்தர் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். ஆனாலும் நாலைந்து பெண்கள் பின்வாசலில் வந்து நின்றார்கள். பால் வெட்டப் போகிற நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டேன். திரும்பிப் போய்விட்டார்கள். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

ஊரில் அம்மைக்குக் கடிதம் எழுதினேன். நாலு வரிதான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தேன். நம் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு யார்தான் வரமாட்டார்கள்? வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டியைத் தூக்கினவன்கூட வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவான். சண்டையை மறுநாள் தொடர்ந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து எனக்கு ஒரு வரி வரவில்லை. ஒரு கப்பல் தபால் வந்தது, இரண்டு வந்தது, ஆறு வந்தது. கிராணி ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். பெற்ற தாயே கேட்கவில்லை, உடன்பிறந்த அண்ணன் கேட்கவில்லை, இனி எனக்கும் அவர்களுக்கும் என்ன என்று இருந்துவிட்டேன். அதன் பிறகு நானும் எழுதவில்லை. இரண்டு வருஷம்.

3

அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி என்ன எழுதுவது. விடியுமுன் எழுந்தேன். பெரட்டுக்குப் போனேன். புண்ணைக் கழுவினேன். சோறு தின்றேன், ருசி தெரியவில்லை. மலாய்க்காரச் சமையல்காரர் ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டார். நான் தின்று முடித்துக் கை கழுவிய பிறகு அவராகவே வந்து மன்னிப்புக் கேட்டார். நான் கவனிக்கவே இல்லை.

உடம்பு மெலிந்தது. விரல்களில் தொட்டால் தொட்டது சரியாகத் தெரியாத மாதிரி ஒரு மரமரப்பு. நாடியை நானே பிடித்துப் பார்த்தேன், நாக்கைக் கண்ணாடியில் பார்த்தேன், மண்ணீரலை அழுத்திப் பார்த்தேன். இரும்புச் சத்து டானிக் குடித்தேன். டாக்டர் வந்தபோது நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு, சாயங்காலங்களில் யாரோடு பேசுவாய் என்று கேட்டார். நோயாளிகளோடு என்றேன். அவர் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

உண்மையில் நோயாளிகளோடும் பேசியதில்லை. வந்த புதிதில் ஒரு காய்ச்சல்காரனிடம் வெள்ளம் நிறையக் குடி என்று சொல்லிவிட்டேன். திருச்சி, சேலம் பக்கத்து ஆட்கள் எல்லாம். வெள்ளம் என்றால் அவர்களுக்கு ஆற்றில் வருவது. டிரெசரையா நம்மை ஆற்றைக் குடிக்கச் சொல்கிறார் என்று வார்டே சிரித்தது. அன்றிலிருந்து தண்ணீர் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வீட்டில் ரெபேக்காளோடு மட்டும் வெள்ளம்தான். அவள் போன பிறகு அந்தச் சொல்லை வாயில் எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வார்டில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். நோயாளியைப் பார்க்க ஆட்கள் வரக்கூடாது. வந்தால் வெற்றிலை துப்புகிறார்கள், கட்டிலில் உட்காருகிறார்கள், அழுகிறார்கள். விசாரிப்பதால் புண் ஆறுமா என்று கத்துவேன். ஆனாலும் சிலருக்கு ஜன்னல் வழியாக ரசம் வந்துகொண்டிருக்கும், கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சீக்கிரம் எழுந்து போனார்கள். நாலாம் கட்டிலில் ஒருவன் கிடந்தான். தனி ஆள், எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியாது. அவனுக்கும் அதே காய்ச்சல், அதே கொயினா. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான், ஆறாம் நாள் போய்விட்டான். காய்ச்சல் என்று பதிவில் எழுதினேன். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை.

என் மகள் எஸ்தர் பட்டணத்தில் போர்டிங் பள்ளியில் இருந்தாள். தாய் செத்து ஒரு மாதத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. முதல் லீவுக்கு வந்தபோது தமிழில் பேசினாள். அடுத்த லீவில் பாதி மலாய். அதற்கடுத்த லீவில் சாப்பாட்டுக்கு முன் இங்கிலீஷில் ஜெபம் செய்தாள், சோற்றைக் கரண்டியால் தின்றாள். ஏதாவது கேட்டால் அவளுக்குத் தமிழ் வார்த்தை கிடைப்பதற்குள் எனக்குக் கேட்டது மறந்துபோகும். இரண்டு பேரும் மேஜைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து தின்போம். அவள் திரும்பிப் போகும் நாளில் ரயிலடியில் கை அசைப்பேன். மனசு கஷ்டப்பட்டதா என்று கேட்டால், இல்லை.

4

போன வருஷம் ஒருநாள் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு இங்கிலீஷ் கடிதம். எங்கள் ஊர் மிஷன் கோயில் போதகர் ஐயர் எழுதியிருந்தார். தங்கள் தோட்டத்தில் டிரெசராக இருந்து காலஞ்சென்ற தங்கையா என்பவரின் பெட்டி, வேதப்புத்தகம் முதலிய சாமான்களையும், அவருடைய பெண் குழந்தையையும் தகுந்த துணையோடு ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று அவருடைய தாயார் கேட்டுக்கொள்கிறார். தங்கையா நான்தான்.

விஷயம் என்னவென்றால், ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். நம் பக்கத்து ஆள் ஒருவன் ஊர் திரும்பியவன், அந்தப் பக்கத்து டிரெசர் காய்ச்சலில் போய்விட்டார் என்று கோட்டாற்றுச் சந்தையில் சொல்லியிருக்கிறான். செத்தது உண்மைதான். ஆனால் அது பக்கத்துத் தோட்டத்து டிரெசர் சின்னத்தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு வருஷமாகக் கடிதம் போடாத ஒருவனைப் பற்றி அப்படிக் கேட்டால் யார்தான் நம்பமாட்டார்கள்.

துரைக்கு இது பெரிய சங்கடமாகிவிட்டது. பதில் எழுத வேண்டும், பதிலுக்கு ஆதாரம் வேண்டும். மரணப் பதிவைப் பார்த்து எழுதித் தா என்றார். பதிவு என்னிடம்தான் இருக்கிறது. நான் போய் எடுத்து வந்து, முதல் பக்கத்திலிருந்து புரட்டி, தங்கையா என்ற பெயரில் இத்தோட்டத்தில் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிராணி பக்கத்தில் நின்று, அது போதாது, ஆள் உயிரோடு இருக்கிறார் என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். அதையும் எழுதினேன். புரட்டும்போது ரெபேக்காளின் பெயரும் வந்தது. அதையும் தாண்டிப் புரட்டினேன்.

ஐயர் கடிதத்துக்குள் மடித்து வைத்த ஒரு தமிழ்க் காகிதமும் இருந்தது. மேலே ‘எஸ்தர் பிள்ளைக்கு’ என்று எழுதியிருந்தது. அண்ணன் கையெழுத்து. என் பெயருக்கு வந்ததல்ல என்று அதைப் பிரிக்காமல் மருந்து மேஜை இழுப்பில் போட்டேன். அம்மைக்கு ஒரு தந்தியாவது கொடுத்திருக்கலாம் அல்லவா? கொடுக்கவில்லை. துரை எழுதிவிட்டார், கப்பலில் போகும், தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். அங்கே ஒருத்தி பிள்ளை செத்துவிட்டான் என்று உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன். நான் எப்படி ஆகியிருந்தேன் என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

5

பதினெட்டு நாள் கழித்து எஸ்தர் லீவுக்கு வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு ஆனதும் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தமிழ் எழுத்து மறந்துபோயிருந்தது. அப்பா வாசியுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னாள். வாசித்தேன்.

‘எஸ்தர் மக்களே, அப்பாம்மை சொல்லச் சொல்ல பெரியப்பா எழுதுதேன். உனக்க அப்பாவும் போயிட்டான்னு கேட்டோம். கேட்ட அன்னைக்கே ஆளுவ வரத் தொடங்கியாச்சு. மயிலாடியில இருந்து கல்லு கொத்துத பயலுவ ரெண்டு பேரு, அவன்கூட படிச்சவனுவ, மேலெல்லாம் கல்லுப்பொடியோட அப்படியே வந்தானுவ. கோட்டாத்து ஜவுளிக்கடை சாயிபு கடையை அடைச்சிட்டு வந்து உச்சி வெயிலு வரைக்கும் இருந்தாரு. வயலுக்காரப் பிள்ளை சாதி பாத்து வேலிக்கு வெளியே நின்னு கேட்டாரு. வெளியே நின்னாலும் கேட்டாரு.

நான் மூணு நாள் பச்சவெள்ளம் குடிக்கல்ல. பெறவு வந்தவளுவ விடல்ல. ஒருத்தி கஞ்சியக் கொண்டு வச்சிட்டு, நீ குடிச்சாத்தான் நான் எழும்புவேன்னு இருந்தா. அவளுக்குக் கைப்பிள்ளை. வீட்டுல அது பாலுக்குக் கரையுமேன்னு குடிச்சேன். மறுநாள் வேற ஒருத்தி. நாப்பது நாளா இப்படித்தான். வாறவங்ககிட்ட எல்லாம் உனக்க அப்பா பிறந்ததுல இருந்து சொல்லுதேன். சொல்லிச் சொல்லி இப்ப எழும்பி நடக்கேன்.

உனக்க அம்மை செத்ததுக்கு அஞ்சு காயிதம் போட்டோம் மக்களே. ஒண்ணுக்கும் பதில் வரல்ல. இப்பதான் ஐயர் எப்படி அனுப்பினியன்னு கேட்டாவ. சங்குத் தலை ஒட்டி அஞ்சல் பெட்டியில போட்டேன்னேன். ஐயர் தலையில கைய வச்சிட்டாவ. அஞ்சல்காரன் மணி கட்டுன கம்பையும் வச்சுக்கிட்டு அந்த ஓட்டம் ஓடுதான், கடற்கரை வரைக்கும் கொண்டு குடுத்தா கப்பல்காரன் வாங்கிக்கிட மாட்டானான்னு நினைச்சேன். எனக்க புத்தி அவ்வளவுதான்.

இப்ப உனக்கு ரெண்டு பேரும் இல்ல. அங்க துட்டி கேக்க ஆரு இருக்கா? ஆரும் கேக்காட்டா அது உடம்புக்குள்ளேயே இருந்துக்கிடும். பக்கத்துல இருக்கவங்ககிட்ட சொல்லு. அவங்க பேச்சு உனக்குத் தெரியாட்டாலும் சொல்லு.’

சங்குத் தலை விஷயம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சமஸ்தானத்து அஞ்சல் வேறு, வெள்ளைக்காரத் தபால் வேறு. சங்கு போட்ட அஞ்சல் தலை கொச்சிச் சீமையோடு சரி, கடல் கடக்க வெள்ளைக்கார ராஜா தலைதான் வேண்டும். முன்பெல்லாம் அண்ணன் கோட்டாற்றில் வேலையாயிருந்தபோது அவரே சரியான தபால் பெட்டியில் போடுவார். ரெபேக்காள் இறந்த சமயத்தில் அவர் குலசேகரத்துத் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டார். அம்மை பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுதச் சொல்லி, வாசலோடு ஓடுகிறவனை நம்பி அவன் பெட்டியில் போட்டிருக்கிறாள். அந்த ஐந்து கடிதங்களும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று இன்றுவரை தெரியாது.

வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஐந்து கடிதம் என்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தருக்குப் பாதி புரிந்திருந்தது, பாதி புரியவில்லை. துட்டி என்றால் என்ன என்று கேட்டாள்.

சொன்னேன். சாவு நடந்த வீட்டுக்குப் போவது. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். வணக்கம், சலாம் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் போய் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் பேசக்கூடாது. பிறகு, என்ன செய்தது என்று கேட்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் ஆதியோடந்தமாகச் சொல்வார். எத்தனை பேர் வந்தாலும் அத்தனை தடவையும் சொல்வார். கேட்டு முடித்ததும் எழுந்து போய்விட வேண்டும். போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, அந்த வீட்டுக்கு அப்படித் திரும்ப வரக்கூடாது பாருங்கள், அதனால்.

அவள் எழுந்து வெளியே போனாள். கிராணி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் முன்வாசல் வழியாகத் திரும்ப வந்தாள். பள்ளிக்கூடச் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அம்மைக்கு என்ன செஞ்சுது?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. காய்ச்சல் கண்ட அன்றைக்கே அவளைக் கிராணி வீட்டில் விட்டிருந்தேன். பிறகு கூட்டி வந்து குழியைக் காட்டினேன். என்ன நடந்தது என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. இரண்டு வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, சமையல்காரர் மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். நடுவில் வாய்விட்டு அழுதேன். முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை பெற்ற மகளின் தோளில் சாய்ந்து அழுதேன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. அவள் எழுந்து பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு கொண்டுவந்தாள்.

“வெள்ளம் குடிங்க அப்பா.”

அவளுக்கு மறக்காமல் இருந்த தமிழில் அதுவும் ஒன்று. நான் குடித்து முடித்ததும் தம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனாள். சப்பாத்தை மாட்டுகிற சத்தம் கேட்டது.

6

மறுநாள் காலை ரயிலடிக்குப் போய் அம்மைக்குத் தந்தி கொடுத்தேன். அன்று குழம்பில் புளி தூக்கல் என்று சமையல்காரரிடம் சண்டை போட்டேன். அவர் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மரமரப்பு இன்னும் சில நாள் வருகிறது, வந்தால் ஒரு வாரம் இருக்கிறது. ஆனால் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது, தூக்கம் வருகிறது, டானிக்கை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். செத்ததாகக் கேட்ட மகனுக்காக அழுத கிழவி நாற்பது நாளில் எழுந்து நடக்கிறாள், உயிரோடிருந்த நான் இரண்டு வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தேன், அவளிடம் ஆட்கள் வந்தார்கள், என்னிடம் வரவில்லை, வேறு என்ன வித்தியாசம் என்று கேட்டேன். இரண்டு பேரை வைத்து வைத்தியம் எழுதக்கூடாது என்றார். நான் எழுதவில்லை. வார்டுக் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணியிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம், வெற்றிலையை மட்டும் வெளியே துப்ப வேண்டும். ஆளில்லாமல் வருகிறவன் கட்டில் பக்கத்தில் நான் போய் உட்காருகிறேன். முதலில் பயப்படுகிறார்கள், டிரெசரையா உட்கார்ந்தால் கேஸ் முடிந்தது என்று.

எஸ்தர் லீவு முடிந்து போகிற அன்று, ரயில் ஏறுவதற்கு முன்னால் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். சின்னத்தம்பியின் மனைவி தன் தம்பி வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். ஆறு மைல் தூரத்துத் தோட்டத்தில் அவர் இறந்தபோது நான் போகவில்லை. என் பெயரில் போன சாவு அவருடையது, அதற்குப் பிறகும் போகவில்லை. செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“இப்பதான் ஒருத்தர் கேக்கிறார்” என்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.

ரயிலைத் தவறவிட்டோம். பள்ளிக்கூடத்தில் எஸ்தருக்குத் திட்டு.

7

அம்மையின் பதில் வந்தது. இந்தத் தடவை ராஜா தலை ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு சங்குத் தலையும் ஒட்டியிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் திரும்பவும் வந்தார்களாம். சிலர் வாசலில் நின்று சிரித்தார்களாம், சிலர் கோபப்பட்டார்களாம். மயிலாடிக்காரர்கள் இரண்டு பேரும், அவன் ஊருக்கு வரட்டும், உதை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். கேட்ட துட்டியை இப்போது என்ன செய்வது என்று சாயிபு கேட்டிருக்கிறார். அதற்கு அம்மை சொன்னதை அண்ணன் அப்படியே எழுதியிருந்தார்.

‘ரெபேக்காளுக்கு உங்கிட்ட வந்து கேக்க ஆருக்கும் முடியல்ல. உனக்காக எங்கிட்ட கேட்டத, அவளுக்காக உங்கிட்ட கேட்டதா வச்சுக்கிடு. அத்தனை பேரும் கேட்டாச்சு. நீதான் இன்னும் சொல்லல்ல.’

மாதக்கணக்கில் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். நான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குளிருகிறது என்றாள். நான் கொயினா கொடுத்தேன். பிள்ளையைக் கிராணி வீட்டில் விட்டேன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் ஏறியது. டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். ஆறு ரோட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது, கார் வரவில்லை. நான் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை காலையில் உடம்பு குளிர்ந்தது. கஞ்சி கேட்டாள், கொஞ்சம் குடித்தாள். ஊருக்கெல்லாம் மருந்து போடுகிறீர்கள், உங்கள் சட்டையில் பித்தான் இல்லையே என்று சிரித்தாள். சுகமாகிவிட்டது என்று நினைத்தேன். நாற்பது பேர் காத்திருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்து மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டான். ஓடினேன். கண்ணைத் திறந்துதான் இருந்தாள். “பிள்ளைக்குத் தலை பின்னி விட்டியளா?” என்று கேட்டாள். பின்னியாச்சு என்றேன். பின்னவில்லை. பிறகு வெள்ளம் கேட்டாள். நான் பானையில் மொண்டுகொண்டு திரும்புவதற்குள் போய்விட்டாள். முப்பத்தொரு வயது.

அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் எழுந்து போகலாம். சொல்லிக்கொள்ள வேண்டாம்.